இருவாச்சிக்கு வழிவிட்டோம்

வால்பாறைத் தேயிலைச் சரிவைத் தாண்டிக் காட்டுக்குள் கால் வைத்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. தோட்டங்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த மழைக்காட்டுத் துண்டு அது. முன்னால் காடர் இனத்துப் பெரியவர். பின்னால் 600 மி.மீ. லென்ஸைச் சுமந்தபடி கோவைக்காரத் தம்பி. மலை இருவாச்சியைப் படமெடுக்க வந்திருந்தோம். பெரியவரோ மேலே பார்க்கவே இல்லை. மரத்தடிகளையே துழாவிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் எச்சமும் பழக்கொட்டைகளும் குவிந்து கிடந்தன. "இங்கதான் சார் கூடு."

அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் ஒரு பொந்து. அலகு மட்டும் நுழையும் கீறலை விட்டுவிட்டு, எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பொந்தின் வாயைப் பூசிக்கொண்டு பெண் பறவை உள்ளே இருக்கிறது. அங்கேயே அதன் இறக்கைச் சிறகுகளும் உதிர்ந்துவிடும். குஞ்சு ஓரளவு வளரும்வரை தீனிக்கு ஆண் பறவையை விட்டால் வழியில்லை.

பச்சைத் துணி மறைப்புக்குள் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து, பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல இறக்கைச் சத்தம். எதிர்மரத்தில் வந்து அமர்ந்தது ஆண். தொண்டை புடைத்திருந்தது, உள்ளே அத்திப்பழங்கள். கேமராத் திரையில் அதன் சிவந்த கண் வரை துல்லியம். தம்பி சத்தமில்லாமல் எடுத்துத் தள்ளினார். ஆனால் பறவை கூட்டுப் பக்கம் நகரவில்லை. பெரியவர் தம்பியின் தோளைத் தொட்டார்.

"போதும் தம்பி. நம்மளப் பாத்திருச்சு. எந்திரிங்க."

ஓடைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் அது கூட்டுக்கு வந்தது. ஒவ்வொரு பழமாகத் தொண்டையிலிருந்து மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து, கீறலுக்குள் நீட்டியது. அங்கிருந்து எடுத்த படத்தில் இலைகளுக்கிடையே பறவை கட்டைவிரல் அளவுதான். போட்டிக்கு அனுப்பினால் தேறாது. எனக்கென்னவோ அதுதான் அன்றைய நல்ல படம்.

காட்டுயிர்ப் படம் யார் கண்ணில் படுகிறது என்பதும் முக்கியம். சென்னைக்காரர் சேகர் தத்தாத்ரி குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தைப் பற்றி 2001-இல் ஒரு குறும்படம் எடுத்தார். மலையைக் குடைந்த மண் பத்ரா ஆற்றில் கலப்பதைக் காட்டிய அந்தப் படம், சுரங்கத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியவர்களுக்குக் கைகொடுத்தது. 2005 இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. நூறாயிரம் 'லைக்'குகள் அதைச் செய்திருக்குமா, சந்தேகம்தான்.

தம்பி இந்தப் படங்களை முதலில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் திரைகட்டிக் காட்டப்போகிறார். அத்திமரத்தை வெட்டக் கூடாதென்று அங்கிருப்பவர்களுக்குத்தானே தோன்றவேண்டும்? கூடு எங்கே என்பதை மட்டும் வெளியே சொல்லமாட்டார். சொன்னால் அடுத்த வாரமே பத்து கேமரா வந்து நிற்கும்.

இறங்கும்போது பெரியவரிடம் சொன்னேன்: "படத்துல உங்க பேரும் வரணும்ணா. கூட்டக் கண்டுபிடிச்சதே நீங்கதான்."

"பேரு வரட்டும் சார். கூட வர்றவங்களுக்கு நாள் கூலியக் கொஞ்சம் ஏத்தச் சொல்லி எழுதுங்க."