வேலியே காட்டை மேய்ந்த கதை... வீட்டுக்கு உயிர்வேலி வைக்கும் முன் ஒரு நிமிடம்!

'வேலியே பயிரை மேய்ந்தது' என்பார்கள். நீலகிரியில் அது வெறும் பழமொழி இல்லை, கண்ணெதிரே நிற்கும் உண்மை. மசினகுடி, முதுமலை பக்கம் பஸ்ஸில் போனவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் புதர். அதில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கள். அதுதான் உண்ணிச்செடி.

அமெரிக்க வெப்பமண்டலச் செடியான இது, 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. அழகுக்கும் ஆச்சு, வேலிக்கும் ஆச்சு என்று நாடு முழுக்க வைத்தார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டன. வெட்டினாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மானும் யானையும் விரும்பித் தின்னாது. அவை தின்கிற புல்லையும் முளைக்க விடாது. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் மட்டும் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இது பரவியிருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது.

ஊட்டிக்கு மேலே இன்னொரு கதை. ஐரோப்பாவில் வேலிக்குப் பயன்பட்ட மஞ்சள் பூ பூக்கும் முட்செடி, கார்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் மலையேறி வந்த இது, இன்று புல்வெளிகளில் முள்ளாக மண்டிக்கிடக்கிறது. இதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் உண்ணியும் கார்ஸும் இருக்கின்றன.

சரி, உயிர்வேலியே வேண்டாமா? அப்படி இல்லை. என்ன செடி, எவ்வளவு இடைவெளி என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு நீலகிரிக்காரர்களுக்குப் பதில் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. குன்னூர் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புதுவீடு கட்டினார். முன்பக்கம் 40 அடி. "ரெண்டே வருஷத்துல ரோட்டுல போறவங்களுக்கு வீடு தெரியக்கூடாது. அறுபது செடி வாங்கி நெருக்கி வெச்சுடலாம்" என்றார். அவர் மனைவி, தேயிலைத் தொழிலாளியின் மகள்.

"ஏங்க, எங்க அம்மா கொழுந்து பறிச்ச காட்டுல போய்ப் பாருங்க. செடிக்குச் செடி ரெண்டரை அடி இருக்கும். நெருக்கி வெச்சா மேல மட்டும்தான் பச்சை, கீழே வெறும் குச்சி" என்றார் அவர்.

அவர் சொன்னது அனுபவம் மட்டுமல்ல, கணக்கும்கூட. தேயிலையில் ஒற்றை வரிசை முறை என்றால் வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர், செடிக்குச் செடி 0.75 மீட்டர். அதாவது சுமார் நாலடிக்கு இரண்டரை அடி. இரட்டை வரிசை முறையில் இரண்டு வரிசைகளை 0.75 மீட்டரில் ஜோடி சேர்த்து, அடுத்த ஜோடிக்கு 1.35 மீட்டர் விடுவார்கள். ஒரு வரிசைச் செடி, அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும்படி மாற்றி மாற்றி நடுவார்கள். சரிவுக்குக் குறுக்கே நடுவதால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாது.

வீட்டு வேலிக்கும் இதே பாடம்தான். சிறு இலைச் செடிகளுக்கு ஒன்று முதல் ஒன்றரை அடி, சைப்ரஸுக்கு இரண்டு முதல் மூன்று அடி, படர்ந்து பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கு மூன்று அடிக்குமேல் விடலாம். 40 அடிக்கு இரண்டடி இடைவெளி என்றால் 21 செடிகள் போதும். அந்த ஆசிரியர் வீட்டிலும் கடைசியில் 21 செடிகள்தான் வந்து இறங்கின!

நெருக்கி வைத்தால் என்ன ஆகும்? வெளிச்சத்துக்காகப் போட்டி போட்டுச் செடிகள் உயரும். அடி இலைகள் உதிரும். மலையின் மூடுபனியில் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். மறைப்புக்காக வைத்த வேலியில் முழங்கால் உயரத்துக்கு ஓட்டை விழுந்துவிடும்.

அடர்த்தி வருவது எண்ணிக்கையால் அல்ல, கவாத்தால். விட்டுவிட்டால் தேயிலையும் மரமாகிவிடும். அதை இடுப்பு உயரப் புதராக வைத்திருப்பது, நாலைந்து வருடங்களுக்கு ஒருமுறை செய்யும் கவாத்தும் இடைவிடாத கொழுந்துப் பறிப்பும்தான். வேலிச் செடி பிடித்துக்கொண்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். வெட்டும்போது அடி அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் வெட்டினால் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும்.

எல்லைக்கோட்டின் மேலேயே நட வேண்டாம். மூன்றடி அகலம் வளரும் செடி என்றால், குறைந்தது ஒன்றரை அடி உள்ளே தள்ளி நடுங்கள். பக்கத்து வீட்டோடு பிற்பாடு வரும் மனஸ்தாபத்துக்கு இப்போதே மருந்து!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். எந்த உயிர்வேலியும் காட்டெருமையை நிறுத்தாது. வேலி மனிதக் கண்ணுக்குத்தான்.

இப்போது முதல் கேள்வி. கூடலூர் பகுதியில் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் உண்ணிக் குச்சியை வளைத்து நிஜ அளவு யானைகள் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைகள் நின்றன. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ வைத்த செடியை இன்று இவர்கள் கைகள் ஒவ்வொரு குச்சியாக வெட்டிக் குறைக்கின்றன.

ஜூன் மழை தொடங்கியதும் நடவுக்கு நல்ல நேரம். டிசம்பர் உறைபனிக்குள் வேர் பிடித்துவிடும். நர்சரியில் விலை கேட்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள். "இதன் பழத்தைப் பறவை தின்னுமா? விதை தானாக முளைத்துப் பரவுமா?" இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்து, அது வெளிநாட்டுச் செடியாகவும் இருந்தால், எவ்வளவு அழகாகப் பூத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.