உப்பனாற்றங்கரையில் ஒரு கொல்லை

'ஆற்றோரத்தில் தாத்தா காலத்து வீடு. கிணறு உப்பாகிவிட்டது. கொல்லையில் வைக்கிற மரமெல்லாம் பட்டுப்போகிறது. ஜிப்சம் போடலாமா, வேறு மரம் வைக்கலாமா?' என்று சிப்காட் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இடத்தைப் பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

போகிற வழியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன். கம்பெனிக்காரர்கள் கட்டிய 'கார்டன் ஹவுஸ்' இங்கேதான் இருக்கிறது. தெற்கே கெடிலம், வடக்கே பெண்ணையாறு. தோட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை இந்தத் தோட்டத்தைப் பிடித்தது. பசியோடு வந்த சிப்பாய்கள் சமைக்க உட்கார்ந்த நேரத்தில் ஆற்காட்டு நவாபின் படை வந்துவிட்டது. போட்டது போட்டபடி ஆற்றைத் தாண்டி ஓடினார்களாம். 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே துணை ஆளுநராக வந்து, அந்த வருஷமே வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார். பிற்காலத்தில் இந்த வீடு கலெக்டர் பங்களா ஆனது.

எனக்கு வீட்டைவிட நிலம் வந்த கதைதான் பெரிதாகப் பட்டது. 1690-ல் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை! அப்படிச் சேர்ந்தவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடியும் குண்டுசாலையும் இன்னும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. அன்றைக்கு அங்கே உழுதுகொண்டிருந்தவரை யார் கேட்டிருப்பார்கள்?

முதுநகர் தாண்டி, சிதம்பரம் சாலையில் சிப்காட். 1980-களில் வந்த தொழிற்பேட்டை. சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே ஆலைகள், அவற்றை ஒட்டியே ஊர்கள். வாசகரின் வீடு நாட்டு ஓடு போட்டது. திண்ணை, முற்றம், பின்கட்டு, அப்புறம் கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் ஆறு. கரையில் உமரி சிவந்து படர்ந்திருந்தது. சேற்றில் நாலைந்து கண்டல். மேட்டில் வேலிக்காத்தான். காய்ந்த முருங்கை ஒன்று, கருகிய மாங்கன்று இரண்டு. ஆனால் வேலியோரம் மூன்று பனையும் ஒரு பூவரசும் கம்பீரமாக நின்றன.

"எங்கப்பா காலத்துல இங்க மல்லாட்டை போட்டோம் தம்பி. இந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு பூவா வேகும்" என்றார் வாசகரின் பெரியப்பா. இப்போது குடிதண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே காற்று திரும்பி, மூக்கை அரிக்கிற வாடை வந்தது. அவர் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். 2004-ல் இந்த ஊர்களின் மக்களே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

உப்புக்கு மட்டும் ஆலையைக் குறை சொல்லிவிட முடியாது. ஓதம் ஏறும்போது கடல்நீர் இந்த ஆற்றில் உள்ளே வரும். பெயரே உப்பனாறு. நிலத்தடி நீரை ஆழத்திலிருந்து உறிஞ்ச உறிஞ்ச அந்த உப்பு கிணற்றுக்கும் வந்துவிடும். ஆலைக் கழிவு என்பது வேறு கணக்கு. சாதாரண மண் பரிசோதனையில் அது தெரியாது. கீரை, காய் போடுமுன் தண்ணீரில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் உண்டா என்று தனியாகச் சோதித்தாக வேண்டும்.

இனி கேள்விக்கு வருகிறேன். மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேலே போய், கார அமில நிலை 8.5-க்குள் இருந்தால் அது உவர் நிலம். அதற்கு ஜிப்சம் வீண் செலவு. ஜிப்சம் களர் நிலத்துக்கு. உவர் நிலத்தில் வடிகால் வெட்டி, வரப்பு உயர்த்தி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி உப்பைக் கழுவி இறக்க வேண்டும். ஓட்டுத் தண்ணீரைக் கிணற்றில் விடுங்கள். கிணற்றை மேலும் ஆழப்படுத்தாதீர்கள்.

மரத்துக்கு உங்கள் வேலியே பதில் சொல்கிறது. பூவரசில் கட்டைவிரல் கனத்துப் போத்து வெட்டி மழைக்காலத்தில் நடுங்கள். இடையே பனங்கொட்டை. ஆற்றுப்பக்கம் புன்னை, வீட்டுப்பக்கம் புங்கன். புன்னை விதையின் ஓட்டை உடைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். கண்டலை மட்டும் வெட்டாதீர்கள், கரையைப் பிடித்து நிற்பது அதுதான்.