அப்பாவின் ஜீப்: விற்பதா, வைத்திருப்பதா?

கே.கே. நகர் வீடு ஒன்றில் அப்பா காலத்து மஹிந்திரா ஜீப் தார்ப்பாய்க்குள் நின்றால் போதும், குடும்பத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "வித்துத் தொலைங்க" என்று ஒன்று. "அப்பா ஓட்டின வண்டி, இருக்கட்டும்" என்று இன்னொன்று.

1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது மஹிந்திரா. அந்தப் பரம்பரை வண்டி 50 வயதைத் தாண்டினால் 'விண்டேஜ்' பதிவு உண்டு என்கிறது 2021-ல் வந்த மத்திய அரசு விதி. ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமும் கூடாது. இங்கேதான் இடிக்கிறது! பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜினுக்கு மாறிய ஜீப்புகள் ஏராளம். வண்டியைக் காப்பாற்றிய மாற்றமே விண்டேஜ் பட்டத்தைப் பறித்துவிடுகிறது. அப்புறம் சாதாரணப் பதிவுதான். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்க 2025 முதல் 10,000 ரூபாய்.

சரி, சும்மா நிறுத்தி வைக்கலாமே? மதுரை வெயிலில் டயர் வெடிக்கும், ஒயரை எலி கடிக்கும், பிரேக் இறுகும். மாதம் இரண்டு தடவை ரிங் ரோடு வரை ஓட்டிவர ஆள் இருந்தால் வைத்திருக்கலாம். இல்லையென்றால் ஓட்டுகிறவருக்கு விற்பதே அந்த வண்டிக்கு மரியாதை. ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை மட்டும் விடக் கூடாது... வண்டி எங்காவது மோதினால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் வரும்!