நான் எழுதிக் கொடுத்த பெயர்கள்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, புள்ளியியலின் பெருமையை எழுதலாம் என்றே எண்ணினேன். மானசகங்கோத்ரியில் நான் முதுநிலையில் பயில்வது அதைத்தானே! ஆனால் எழுத அமர்ந்ததும் நினைவுக்கு வந்தது பெருமை அன்று. ஒரு குலுக்கல் சீட்டு.

சென்ற தசரா விடுமுறையில் நான் ஊருக்குப் போகவில்லை. சத்தியமங்கலம் ஒன்றும் தொலைவில் இல்லை. திம்பம் மலையிறங்கினால் வீடு. ஆயினும் நாலு காசு சம்பாதிக்கலாம் என்ற ஆசை என்னை இங்கேயே நிறுத்திவிட்டது. மைசூரின் கடைத்தெரு ஒன்றில், ஒரு கடைவாசலில் மேசை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வருவோரிடம் சீட்டு நிரப்பி வாங்க வேண்டும். பெயர், கைப்பேசி எண், வயது, மாதச் செலவு, வீட்டில் யாருக்கேனும் சர்க்கரை நோய் உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா... முதற் பரிசு ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டருக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு? புள்ளியியல் படிக்கும் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சீட்டுக்கு ஐந்து ரூபாய் அல்லவா!

ஒன்பது நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். நான் தமிழில் அழைத்தால் தமிழர் நின்றார்கள். "நம்ம ஊர்ப் பையன்" என்று சொல்லிக் கேட்டதற்கெல்லாம் விடை தந்தார்கள். என் கையெழுத்தை மட்டுமா அவர்கள் கூலிக்கு வாங்கினார்கள்? என் மொழியையும் சேர்த்தே வாங்கியிருந்தார்கள்.

சரஸ்வதிபுரத்தில் மெஸ் நடத்தும் அக்காவும் வந்தார். நம்மில் பலர் அவர் கைச்சோறு உண்டவர்கள். யாருக்கு மோர் ஆகாது, யார் காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார், யார் மாதக் கடைசியில் கையைப் பிசைவார் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். அதுவும் வாடிக்கையாளர் பற்றிய விவரந்தான். ஆனால் அவ்விவரம் அடுக்களையை விட்டு வெளியே போனதில்லை. "மாமாவுக்குச் சர்க்கரை உண்டு, எழுதிக்கொள் தம்பி. ஸ்கூட்டர் விழுந்தால் உனக்கும் ஒரு சுற்று" என்றார். எழுதினேன். மாமாவின் வயதை 56 என்று சொன்னார். அவசரத்தில் 65 என்று எழுதிவிட்டேன். அடிக்கச் சோம்பல்பட்டு அப்படியே பெட்டியில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து அக்காவுக்கு ஓர் அழைப்பு. நல்ல தமிழ், நயமான பேச்சு. பெயர் சொல்லி நலம் கேட்டானாம். மாமாவின் சர்க்கரையைப் பற்றியும் விசாரித்தானாம். மூன்றே மாதத்தில் நோயை வேரோடு போக்கும் பொடி. விலை 4,800 ரூபாய். பொடி வந்தது, மாத்திரை நின்றது. இருபதாம் நாள் மாமா மயங்கி விழுந்தார். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்து, எப்படியோ பிழைத்து வந்தார்.

"அவ்வளவும் தெரிந்து பேசினானே, தம்பி! டாக்டர் சொல்லி அனுப்பிய ஆள் என்றே நம்பினேன். வயதை மட்டும் அறுபத்தைந்து என்றான், நான்தான் திருத்தினேன்" என்றார் அக்கா.

என் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. ஒரே நிகழ்ச்சியை வைத்து முடிவு கட்டலாகாது என்று வகுப்பில் படிக்கின்றோம். உண்மைதான். ஆனால் அந்த 65 என் பிழை. உலகில் வேறெங்கும் இல்லாத பிழை!

சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யலாகாது என்று நம் நாட்டில் 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அன்றைய போலி மருந்துக்காரன் சந்தையில் நின்று கூவினான், ஊரே கேட்டது, தடுப்பாரும் இருந்தனர். இன்றோ நோயாளி இருக்கும் வீட்டை மட்டும் தேர்ந்து, ஒருவர் காதில் மட்டும் ஓதுகிறார்கள். பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரிவதில்லை. தெருவறியாத விளம்பரத்தை யார் பிடிப்பது?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மாமா அந்தச் சீட்டைக் கண்டதே இல்லை. அவர் நோயை அக்கா சொன்னார்; நான் எழுதினேன். 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா செய்தி வெளிவந்தபோது நான் பள்ளிச் சிறுவன். அரசியல் விளம்பரத்திற்காக விவரம் திரட்டப் பயன்பட்ட அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அவர்களையும் அவர்தம் நண்பர்களையும் சேர்த்து, விவரம் போயிருக்கக் கூடியவர்கள் 5,62,455 பேர் என்று ஃபேஸ்புக் நிறுவனமே கணக்குச் சொன்னது. அன்று அது வெறும் எண். இன்று அந்த எண்ணுக்குள் ஒரு மாமா தெரிகிறார்.

நம் மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்றவர் நீதிபதி கே. எஸ். புட்டசாமி. ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் கழிந்து, 2012-இல் ஆதாரை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில்தான், ஒருவரின் அந்தரங்கம் அவரது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. ஒரு காரியத்திற்கென வாங்கிய விவரத்தை, உடையவர் இசைவின்றி வேறொன்றுக்குத் திருப்பலாகாது என்பது அதன் உயிர்நிலை. அக்கல்லூரியைக் கடந்து எத்தனை முறை நடந்திருக்கின்றேன்! அந்தத் தசராவிலும் நடந்தேன், சட்டைப்பையில் கூலியுடன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "சீட்டெல்லாம் அப்போதே மேலிடத்துக்குப் போய்விட்டது" என்றார்கள். எந்த மேலிடம் என்றதற்கு விடை இல்லை. ஸ்கூட்டர் யாருக்கு விழுந்தது என்பதற்கும் விடை இல்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த ஆயிரம் பேருக்கும் சொன்னாயா, தம்பி?" என்று கேட்டார்.

அவர்கள் பட்டியல் என்னிடம் இல்லை. ஆனால் அந்த மேசையருகே நம் சங்கத்து முகங்கள் பலவற்றைக் கண்டதாக நினைவு. ஆகவே இதை எழுதுகின்றேன். தசராவில் என்னிடம் சீட்டு நிரப்பியவர்கள், வீட்டில் யாருடைய நோயைச் சொன்னீர்களோ அவரிடம் இன்றே பேசுங்கள். பொடியோ இலேகியமோ வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். விளம்பர அழைப்பு வந்தால் 1909-இல் முறையிடலாம். என்னைத் திட்ட வேண்டுமென்றால், இரவு எட்டு மணிக்கு அக்காவின் மெஸ்ஸில் இருப்பேன்.