வெயிட் பண்ணுங்கள்!

தமிழர்கள் நாள்தோறும் அதிகமாகப் பயன்படுத்தும் ஆங்கில வினைச்சொல் எது என்று போட்டி வைத்தால், 'வெயிட்' என்ற சொல்லுக்குப் பரிசு கிடைத்தாலும் கிடைக்கும். டாக்டர் வீட்டு வாசலில், வங்கியில், தொலைபேசியில், எங்கே போனாலும் 'கொஞ்சம் வெயிட் பண்ணுங்க' என்ற குரல்தான் நம்மை வரவேற்கிறது. எடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நம் நாவில் இதே ஒலியோடு வருகிறது. அதனால் ஒரு வசதி உண்டு. வெயிட்டான ஆளாக இருந்தால் வெயிட் பண்ண வேண்டியதில்லை! நாட்டு நடப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா?

இந்தச் சொல்லின் பூர்வீகம் வியப்பானது. நார்மானியரின் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் குடியேறிய சொல் இது. சும்மா உட்கார்ந்திருப்பது அன்று இதற்குப் பொருளல்ல; கண் விழித்துக் காவல் பார்ப்பதுதான் பொருள். விழிப்பதைக் குறிக்கும் 'வேக்', கண்காணிப்பதைக் குறிக்கும் 'வாட்ச்' இரண்டும் இதற்கு நெருங்கிய உறவு. இங்கிலாந்தின் பழைய நகரங்களில் இரவுக் காவலோடு குழலும் ஊதிய இசைக்காரர்களுக்கு 'வெயிட்ஸ்' என்றே பெயர். 1835-இல் வந்த நகராட்சிச் சட்டம் அவர்கள் பதவிக்கு முடிவு கட்டியது.

காவலைக் குறித்த சொல் பிறகு ஊழியத்துக்கு வந்தது. முகக்குறிப்பை அறிந்து பரிமாறுகிறவர் 'வெயிட்டர்'. அரசியின் அருகில் நிற்கும் சீமாட்டிகளின் பட்டத்திலும் இந்தச் சொல் உண்டு. பகைவனுக்காகப் பதுங்கியிருப்பதையும் இதைக் கொண்டே சொல்வார்கள். 1910-இல் பிரிட்டிஷ் பிரதமர் ஆஸ்க்வித் 'வெயிட் அண்ட் சீ' என்று சொன்னபோது அதில் மிரட்டல் இருந்தது. பிற்பாடு எதிரிகள் அதையே அவருடைய தயக்கத்துக்கு அடையாளமாக்கிவிட்டார்கள். கண்ணொளி இழந்த மில்டன் அந்த இழப்பைப் பற்றிப் பாடிய பதினான்கு அடிப் பாட்டின் கடைசிச் சொல்லும் இதுதான். மனக்குறையில் தொடங்கும் பாட்டு அங்கே போய் அமைதி பெறுகிறது.

நம்முடைய 'காத்திரு' என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பாருங்கள். காத்து, இரு! எங்கோ பிறந்த இரண்டு மொழிகள் சொல்லி வைத்தாற்போல், காவலிலிருந்தே இந்தச் சொல்லைப் பெற்றிருக்கின்றன. முல்லைத் திணைக்கு 'இருத்தல்' உரிப்பொருள் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். போர்மேல் சென்ற தலைவன் திரும்பும்வரை தலைவி ஆற்றியிருப்பது வெறும் பொழுதுபோக்கு அல்லவே!

ஓர் அலுவலகத்தில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். இறந்துபோன கணவரின் காகிதங்களை மஞ்சள் பையில் வைத்து, மடியோடு அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உச்சிப் பொழுது தாண்டிவிட்டது.

"ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டு வரக்கூடாதா, அம்மா?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சுப் போனா என் முறை போயிடும், தம்பி. கூப்பிடறப்ப ஆள் இல்லேன்னா, வரவே இல்லேன்னு எழுதிடுவாங்க" என்றார்.

பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். உண்மையில் காவல் காத்துக்கொண்டிருந்தார். தம் முறையை, ஒரு மனிதர் உழைத்து ஓய்ந்ததற்கான அத்தாட்சியை, கை நீட்டிக் கேளாமல் வாழும் உரிமையைக் காத்துக்கொண்டிருந்தார்.

தமிழில் 'காத்திருக்கிறான்' என்பதும் உண்டு, 'காத்துக் கிடக்கிறான்' என்பதும் உண்டு. முன்னதில் மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான்; பின்னதில் அவனைக் கீழே போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரும்பாலும் ஒரே ஒரு தகவல்தான்: இன்னும் எவ்வளவு நேரம்?

மேஜைக்கு அப்பால் இருப்பவர்கள் தாராளமாக 'வெயிட் பண்ணுங்க' என்று சொல்லட்டும். எத்தனை மணிவரை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். காத்திருப்பவரின் மானத்துக்கு அந்த ஒரு வார்த்தையே காவல்.