ஐந்து பருவங்களின் ஊர்



அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் உள்ளத்தில் வானுயர்ந்த கட்டடங்களும் கடற்கரைப் பெருநகரங்களுமே தோன்றக்கூடும். இரு பெருங்கடல்களுக்கும் எட்டாத தொலைவில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, ஆற்றங்கரையில் அமைந்த ஓர் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அயோவா மாநிலத்தின் சீடார் ராப்பிட்ஸ் என்பது அதன் பெயர். என் எட்டாம் வயது முதல் பதினெட்டாம் வயது வரை, அதாவது 1979 முதல் 1989 வரை, நான் பயின்றதும் வளர்ந்ததும் அங்கேதான். சொந்த ஊர் எதுவென்று எவரேனும் வினவினால் காயல்பட்டினம் என்றே விடை கூறுவேன்; மனத்திற்குள் இவ்வூரையும் சேர்த்துக்கொள்வேன்.

நான் பயின்ற நாளில் அங்கு 1,10,000 பேர் வாழ்ந்தனர். ஆற்றோரம் ஓட்ஸ் தானியத்தை உணவாக்கும் மாபெரும் ஆலை ஒன்று உண்டு. காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது காற்று அப்பக்கமிருந்து வீசினால் வறுத்த தானியத்தின் மணம் தெருவெங்கும் நிறைந்திருக்கும். காற்று திசை மாறினால் வேறு ஆலைகளின் நெடி வரும். அதனை மணம் என்று சொல்வதற்கில்லை. 'ஐந்து பருவங்களின் நகரம்' என்று 1968-இல் அவ்வூர் தனக்கொரு பட்டம் சூட்டிக்கொண்டது. ஏனைய நான்கு பருவங்களையும் நின்று சுவைப்பதற்கான ஓய்வு நேரமே ஐந்தாம் பருவமாம். பள்ளிப் பிள்ளைகளாகிய நாங்களோ 'ஐந்து நாற்றங்களின் நகரம்' என்றே சொல்லிச் சிரிப்போம்.

என் வாப்பா வானொலிக் கருவிப் பொறியாளர். ஆர்தர் காலின்ஸ் என்பவர் 1933-இல் அவ்வூரில் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் விண்வெளிக் கலங்களுக்கும் தொடர்புக் கருவிகளைச் செய்து தந்தது. 1969-இல் நிலவிலிருந்து வந்த குரல் எங்கள் ஊர்க் கருவிகளின் வழியாகவே பூமியை அடைந்தது என்று ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பெருமையுடன் கூறுவர். ஆனால் எங்களுக்கு உயிரானது வீட்டுச் சமையலறையில் இருந்த சிறு வானொலிப் பெட்டிதான். கடும் பனி பெய்த இரவுக்கு மறுநாள், விடியலில் உள்ளூர் நிலையம் விடுமுறை விடப்பட்ட பள்ளிகளின் பெயர்களை வரிசையாக வாசிக்கும். சுபுஹு தொழுத கையோடு நானும் காக்காவும் அப்பெட்டியின் அருகே அமர்ந்துவிடுவோம். எங்கள் பள்ளியின் பெயர் வந்துவிட்டால் அன்று பெருநாள்தான்!

அவ்வூர்ப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது ஓவியர் கிராண்ட் வுட்டை விட்டுவிட இயலாது. 1930-இல் அவர் தீட்டிய, கையில் கவைக்கோல் ஏந்திய முதியவரும் அருகில் ஒரு பெண்ணும் நிற்கும் ஓவியத்தை நீங்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள். அதற்கு முன் அவர் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். தலைமை ஆசிரியரின் அறைக்கு வெளியே, தண்டனைக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் அமர்வதற்கென்று மாணவர்களைக் கொண்டே ஒரு மரப் பெஞ்சு செய்வித்தார். தவறு செய்வோரின் பாதை கடினமானது என்னும் பொருளுடைய வாசகம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. இன்று அந்தப் பெஞ்சு ஊர்க் கலைக்கூடத்தின் சொத்து. குறும்பு செய்தவர்களின் இருக்கையை இவ்வளவு மரியாதையுடன் காத்துவரும் ஊர் வேறெங்கும் உண்டா என நான் அறியேன்.

1986-இல் ரமலான் மே மாதத்தில் வந்தது. அங்கே மே மாதத்து நோன்பு ஏறத்தாழ 16 மணி நேரம் நீளும். வகுப்பில் நான் ஒருத்தியே நோன்பாளி. நண்பகலில் உணவுக்கூடத்தில் அமர்ந்திருப்பது எனக்குக் கடினமாக இருக்கும் என்று எண்ணிய நூலகப் பொறுப்பாளர் அம்மையார், அந்நேரம் நூலகத்துக்கு வந்துவிடும்படி கூறினார். வெறுமனே உட்கார வைத்தாலும் நாழிகை நகராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தேதி முத்திரை குத்தும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். அந்த மாதம் அப்பள்ளியில் எவர் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்பது எனக்கு மனப்பாடம்.

இனி வயலுக்குச் செல்வோம். ஜூலைத் திங்களில் அயோவாவின் பதின்ம வயதுப் பிள்ளைகள் செய்யும் ஒரு வேலை உண்டு. வீரிய மக்காச்சோள விதை வேண்டுமானால் இருவேறு வகைகளை ஒரே வயலில் அடுத்தடுத்த வரிசைகளில் நடுவார்கள். விதைக்காக ஒதுக்கிய வரிசைகளில், செடியின் உச்சியில் விரியும் ஆண்பூக் குஞ்சத்தை மகரந்தம் உதிர்க்குமுன் பறித்துவிட வேண்டும். அப்போதுதான் அச்செடி பக்கத்து வரிசையின் மகரந்தத்தை ஏற்றுக் கலப்பு விதை தரும். இயந்திரங்கள் பெரும்பகுதியைப் பறித்தாலும், அவை விட்டுச் சென்றவற்றை மனிதக் கைகளே தேடிப் பறிக்க வேண்டும்.

இவ்வேலை ஒருமுறை மறைந்தேவிட்டது. குஞ்சம் வளர்ந்தாலும் மகரந்தம் உண்டாகாத வகையொன்றைக் கண்டுபிடித்து, நாட்டின் பெரும்பகுதி விதையை அதிலிருந்தே உருவாக்கினர். பிள்ளைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் 1970-இல் பரவிய இலைக்கருகல் நோய் குறிப்பாக அந்த வகையையே தாக்கிப் பேரழிவை விளைத்தது. விதை நிறுவனங்கள் பழைய முறைக்குத் திரும்பின. பிள்ளைகள் மீண்டும் வயலில் இறங்கினர். காக்காவுக்கும் எனக்கும் கிடைத்த கோடைக்காலக் கூலிக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருந்தது.

விடியலில் மஞ்சள் பேருந்து வரும். வயலில் பனிநீர் சொட்டச் சொட்டச் சோளத்தோகைகள் தலைக்கு மேலே நிற்கும். முதல் ஒரு மணி நேரம் நனைந்து நடுக்கம். பத்து மணிக்குமேல் புழுக்கம். தோகையின் ஓரம் கத்தி போல் அறுக்கும் என்பதால் ஆணும் பெண்ணும் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொள்வார்கள். ஆண்டு முழுவதும் என் உடையைக் கண்டு காரணம் கேட்ட தோழியர், அந்த மூன்று வாரம் மட்டும் என்னைப் போலவே உடுத்தினர். உம்மா எங்களை வழியனுப்ப வாசலுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

உம்மாவுக்கு ஆங்கிலம் கைகொடுத்தது தொலைக்காட்சி வழியாக என்றால் நம்புவீர்களா? அயோவாவின் சிற்றூர்ப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்து தனி விதிகளோடு ஆடப்பட்டது. அணிக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில், மூவர் மறு பாதியில். நடுக்கோட்டை எவரும் தாண்டலாகாது. பந்தை இருமுறைக்குமேல் தட்டலாகாது. 1925-இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டியைக் கைவிட்டபோது, சிற்றூர்ப் பள்ளிகளை நடத்தியவர்கள் சிலர் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்துக் காப்பாற்றினர். 1968 இறுதிப் போட்டியில் டெனிஸ் லாங் 64 புள்ளிகளும், எதிரணியின் ஜெனட் ஓல்சன் 76 புள்ளிகளும் எடுத்தனர். வென்றது லாங்கின் அணி! ஒவ்வொரு மார்ச்சிலும் தலைநகர் டெ மாயினில் நடக்கும் இறுதிச் சுற்றை உம்மா தவறவிட்டதில்லை. கோட்டைத் தாண்ட விடாமலே இவ்வளவு அடிக்கிறார்களே, விட்டிருந்தால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. 1993-ஆம் ஆண்டோடு அவ்விளையாட்டு முடிவுக்கு வந்தது. ஐவர் ஆட்டமே பெண்களுக்குக் கல்லூரி வாய்ப்பைத் தரும் என்ற வாதம் நியாயமானதே. ஆயினும் உம்மா அதன்பின் கூடைப்பந்து பார்க்கவில்லை.

பள்ளிப் பேருந்து செல்லும் வழியில், வீடுகளுக்கு நடுவே ஒரு சிறிய மரக் கட்டடம் கவனிப்பாரற்று நின்றது. அது பள்ளிவாசலாக இருந்தது என்று வாப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. லெபனான், சிரியா பகுதிகளிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள், பெரும் பொருளாதாரச் சரிவுக் காலமான 1934-இல் அதனைக் கட்டின. வடக்கு டகோட்டாவின் ராஸ் என்னும் சிற்றூரில் 1929-இல் எழுந்த பள்ளிவாசல் பின்னாளில் இடிக்கப்பட்டதால், பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றும் நிற்பவற்றுள் அமெரிக்காவில் மிகப் பழையது இதுவே. ஜமாஅத் பெருகி வேறிடத்தில் பெரிய பள்ளி கட்டியபோது, 1971-இல் இது விற்கப்பட்டது. பல கைகள் மாறி, தேவாலயமாகவும் சில காலம் இருந்தது.

புதிய பள்ளியில் நாங்கள் ஓதச் சென்றபோது, பழைய பள்ளியின் அடித்தளத்தில் தம் பிள்ளைப் பருவத்தில் அரபு எழுத்துக் கற்ற மூதாட்டி ஒருவர் கதை சொல்வார். அவருடைய பெயரை உச்சரிக்க வராமல் அரசுப் பள்ளி ஆசிரியை ஓர் ஆங்கிலப் பெயரிட்டு அழைத்தாராம். வாரமெல்லாம் அதுவே பெயர். அடித்தளத்தில் இறங்கினால்தான் உம்மா வாப்பா வைத்த பெயர் காதில் விழும் என்பார். அவ்வூரைச் சேர்ந்த அப்துல்லா இக்ராம் என்பவர், இராணுவ வீரர்களின் அடையாள வில்லையில் முஸ்லிம்களுக்கு ஓர் எழுத்து இல்லையே என்று 1953-இல் அதிபர் ஐசனோவருக்கே கடிதம் எழுதினார். அந்த மூதாட்டியின் கதையைக் கேட்டிருந்த எனக்கு அதில் வியப்பு எழவில்லை.

நான் ஊரைவிட்டு வந்த மறு ஆண்டே, 1990-இல், முஸ்லிம்கள் அக்கட்டடத்தைத் திரும்ப வாங்கிப் புதுப்பித்தனர். 2008 ஜூன் 13 அன்று சீடார் ஆறு 31 அடிக்குமேல் பெருகியது; அதற்குமுன் பதிவான உச்சம் 20 அடிதான். பள்ளியின் அடித்தளம் மூழ்கி, அங்கே வைத்திருந்த பழைய ஆவணங்களும் நூல்களும் பாழாயின. செய்தி அறிந்ததும் என்னிடமிருந்த நிழற்படங்களைப் படியெடுத்து, மூதாட்டி சொன்னவற்றை நினைவிலிருந்து எழுதி, அவற்றோடு அனுப்பிவைத்தேன். பெயர் மாற்றிய கதையை முதலில் எழுதினேன்.

2020 ஆகஸ்டு 10 அன்று வீசிய சூறைக்காற்று ஊரின் மரங்களில் பாதிக்குமேல் வீழ்த்தியது. பள்ளிக் கட்டடங்களும் சேதமுற்று, வகுப்புகள் தாமதமாகவே தொடங்கின. 2022-இல் நான் சென்றபோது, நிழலில் நடந்து பழகிய தெருக்களில் வெயில் கூசியது. மரப் பள்ளி மட்டும் பச்சைக் குவிமாடத்தோடு அப்படியே நின்றது.

அமெரிக்காவில் உறவினர் இருந்து, நீங்கள் சிகாகோ வரை செல்ல நேர்ந்தால், அங்கிருந்து காரில் நான்கு மணி நேரத்தில் சீடார் ராப்பிட்ஸை அடையலாம். பள்ளிவாசலைக் காண வருவோரை அன்புடன் வரவேற்கிறார்கள். ஜனவரியில் மட்டும் போகாதீர்கள், குளிர் பொறுக்காது. ஜூலை நடுவில் சென்றால், அதிகாலையில் சோள வயலோரம் மஞ்சள் பேருந்துகள் நிற்பதையும், தலையில் துணி கட்டிய பிள்ளைகள் வரிசைக்குள் நுழைவதையும் காணலாம்.