நாளத்தின் வழியே ஒரு கம்பி

இதயம் தளர்ந்தோர்க்கு மார்புத் தோலின் மேலாக மின் பாய்ச்சித் துடிப்பூட்டும் முறையை 1952இல் பொஸ்ரன் மருத்துவர் சோல் கண்டார். உயிர் காத்ததெனினும் அதன் வலி கொடிது. 1958இல் நியூயோர்க்கில் பேர்மன் என்பார் நாளத்தின் வழியே கம்பியை இதயத்துட் செலுத்தி, முதியவரொருவரை 96 நாட்கள் காத்தார்.

சென்ற ஆண்டு எம் தமையனாரின் இதயம் நிமிடத்துக்கு 30 முறையே துடித்தது. நம் கல்லூரியிற் பயின்ற மருத்துவரொருவர் கழுத்து நாளத்தினூடே மெல்லிய கம்பியை வலக் கீழறை வரை செலுத்தி, வெளியே சிறு மின்கருவியோடு இணைத்தார்.

“தளை தட்டாமற் பார்த்துக்கொள்வோம், ஐயா” என்றார். எம்மிடம் யாப்புப் படித்தவரல்லரோ! ஆயினும், கம்பி சிறிது விலகினும் துடிப்புத் தவறலாம் என்றும் எச்சரித்தார். ஐந்து இரவுகள் தமையனாரைப் புரண்டு படுக்கவும் நாம் விட்டிலேம். ஆறாம் நாள் நிலையான கருவி பொருத்திக் கம்பியை உருவினர். அன்றிரவு அவர் வலப்புறம் திரும்பி உறங்கினார்.